அதிதி பந்த் படித்த கடல்

அதிதி பந்த் என்ற பெயர் நம்மில் பலருக்குப் போட்டித் தேர்வுப் புத்தகம் வழியாகத்தான் வந்திருக்கும். அண்டார்டிகா சென்ற முதல் இந்தியப் பெண் விஞ்ஞானிகள் யார்? அதிதி பந்த், சுதீப்தா சென்குப்தா. 1983–84, மூன்றாவது பயணக் குழு. மதிப்பெண் வந்துவிட்டது. அங்கே அவர் எதை ஆராய்ந்தார் என்ற அடுத்த கேள்வி வருவதேயில்லை.

1943இல் நாக்பூரில் பிறந்தவர். ஆலிஸ்டர் ஹார்டியின் 'தி ஓப்பன் சீ' அவரைக் கடல் பக்கம் திருப்பியது. ஹவாயில் முதுகலை, லண்டன் வெஸ்ட்ஃபீல்டு கல்லூரியில் முனைவர் பட்டம், பிறகு கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனம். அவர் படித்தது கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசிகளை. வெயிலை வாங்கிக் கரிமத்தைப் பிடித்துவைக்கும் அந்த ஒற்றைச் செல்லில்தான் கடலின் சாப்பாடு தொடங்குகிறது. மீனும் திமிங்கிலமும் அதற்கப்புறம். எந்த ஆழத்தில் எவ்வளவு ஒளி, அதில் எவ்வளவு விளைச்சல் என்று நீரை மொண்டு மொண்டு அளக்கிற வேலை இது. படம் பிடித்துப் போட இதில் ஒன்றுமில்லை. பனியில் கோட்டு மாட்டி நிற்கும் பெண்தான் படத்துக்கு ஆவாள்.

அமெரிக்கப் பெண் ஆய்வாளர்களுக்கே 1969 வரை அண்டார்டிகா கிடைக்கவில்லை. ஏற்றிச் செல்லக் கடற்படை மறுத்தது. ஆகவே 'முதல் பெண்' என்று எழுதுகிறவர்கள், அதுவரை கதவைச் சாத்தி வைத்திருந்தவர்கள் யார் என்பதையும் சேர்த்து எழுதவேண்டும். நம் மகளிர் தினக் கட்டுரைகள் அதைச் செய்வதில்லை. வாழ்த்தோடு நின்றுவிடுகின்றன.

இந்திய அறிவியல் அகாடமி 2008இல் வெளியிட்ட 'லீலாவதீஸ் டாட்டர்ஸ்' இவற்றைவிட எவ்வளவோ மேல். ஏறத்தாழ நூறு பெண் விஞ்ஞானிகள், அதிதி பந்த் உட்பட. பலர் தங்கள் வேலையைத் தாங்களே சொல்கிறார்கள். தலைப்புதான் உறுத்துகிறது. லீலாவதி பாஸ்கராச்சாரியாரின் மகள் என்பது கதை. நாழிகை வட்டிலில் முத்து விழுந்து முகூர்த்தம் தவறிப்போக, அப்பா ஆறுதலாகத் தன் கணித நூலுக்கு அவள் பெயரை வைத்தாராம். கல்யாணம் தவறியதும் அப்பா எழுதியதும்தான் நமக்கு வந்திருக்கின்றன. அவள் போட்ட கணக்கு ஒன்றும் வரவில்லை. கப்பலில் நின்று நீர் அளந்தவளை இவளுக்கு மகளாக்குவானேன்?

மாடம்பாக்கத்திலிருந்து மேடவாக்கம் வழியாக வேளச்சேரிக்குப் போனால் பள்ளிக்கரணையில் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் வரும். தினமும் அதைத் தாண்டிக் கல்லூரிக்குப் போகும் மாணவிகளுக்கு இன்னொரு 'முதல்' கதை தேவையில்லை. உள்ளே எத்தனை பெண்கள் இருக்கிறார்கள், கப்பலேறுகிறவர்கள் எத்தனை பேர், யார் கையெழுத்தில் என்று அவர்கள் கேட்கட்டும்.