வேண்டாம் என்று சொல்ல இடமில்லாத வடிவம்

கடந்த நோன்பில் ஒரு நாள் லுஹருக்குப் பிறகு உம்மா கைபேசியில் கிறாஅத் கேட்டுக்கொண்டிருந்தார். ஓதி முடிந்தது. விரல் எங்கே பட்டதோ, திரையில் ஓர் அரைகுறை ஆட்டம். பதறிப்போய் கைபேசியைத் தலையணைக்குக் கீழே ஒளித்துவிட்டார். "மகன், நான் கேக்காதத இது ஏன் காட்டுது?" என்று என்னிடம் கேட்டார். 'விருப்பமில்லை' என்ற பொத்தானை அழுத்திக் கொடுத்தேன். அஸருக்குப் பிறகு வேறோர் ஆட்டம் வந்தது.

உம்மாவின் கேள்வியை நான் ஒரு விமர்சனக் கேள்வியாகவே எடுத்துக்கொள்கிறேன். குறுங்காணொளி பற்றி நம்மவர்கள் வழக்கமாகச் சொல்வது இரண்டு. மேடையில் 'ஆபாசம்' என்பார்கள். ஆசிரியர் ஓய்வறையில் 'எல்லாம் சுருங்கிப் போச்சு, பிள்ளைகளுக்குப் பொறுமை இல்ல' என்போம். முதலாவது உள்ளடக்கம் பற்றியது, இரண்டாவது நீளம் பற்றியது. வடிவத்தை இரண்டுமே தொடவில்லை.

சுருக்கம் குற்றமல்ல. ஏழு சீரில் குறளைப் படித்து வளர்ந்த நாம் அப்படிச் சொல்ல முடியாது. நீளமும் இப்போது கூடிக்கொண்டுதான் போகிறது. யூடியூப் ஷோர்ட்ஸின் ஒரு நிமிட எல்லை 2024 ஒக்டோபரில் மூன்று நிமிடமாகியது. டிக்டொக் 2022இல் பத்து நிமிடம் வரை அனுமதித்தது. மாறாதது அவை நம்மிடம் வந்துசேரும் முறை.

நான் வடிவம் என்பது அந்த முறையைத்தான். ஒரு நூலை எடுக்கும் வாசகன் தலைப்பைப் பார்க்கிறான், பெயரைப் பார்க்கிறான், பிடிக்காவிட்டால் மூடிவைக்கிறான். தேர்வதும் மறுப்பதும் வாசிப்பின் பாதி. இங்கே தலைப்பைப் படிக்கும் முன்பே படம் ஓடத் தொடங்கிவிடும். அடுத்தது எது என்பதை, விரல் எத்தனை விநாடி தயங்கியது என்று பார்த்து இயந்திரம் முடிவுசெய்கிறது. ரசித்து நின்ற விநாடிக்கும் அருவருத்து உறைந்து நின்ற விநாடிக்கும் வேறுபாடு அதற்கு எப்படித் தெரியும்? உம்மா பதறிய நேரமும் 'பார்த்த நேரம்' என்றே கணக்கில் சேர்ந்திருக்கக்கூடும்.

பொத்தான்கள் இருக்கின்றனவே என்பீர்கள். யூடியூபின் பரிந்துரைகளை 22,722 தன்னார்வலர்களின் உதவியோடு ஆராய்ந்து மொஸில்லா மன்றம் 2022இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 'விருப்பமில்லை' பொத்தான் வேண்டாத பரிந்துரைகளில் 11 சதவீதத்தைத்தான் தடுத்ததாம். 'இந்தச் சேனலைப் பரிந்துரைக்க வேண்டாம்' என்பதுகூட 43 சதவீதம்தான். அதாவது, பாதிகூட இல்லை.

வேண்டாமென்றால் போனை வைத்துவிடலாமே என்று என் நண்பர் கேட்டார். அது எளிதான பதில். உம்மாவுக்குக் கிறாஅத் வேண்டும். சாதாரண தரப் பரீட்சை எழுதும் என் மாணவிகளுக்குப் பாடக் காணொளி வேண்டும். வேண்டியதும் வேண்டாததும் ஒரே பொட்டலமாக வருவதுதான் பிரச்சினை. நானும் தப்பவில்லை. 1885இல் வெளிவந்த சித்திலெப்பையின் அசன்பே சரித்திரம் பற்றி ஓர் உரை கேட்க ஒரு நாள் இஷாவுக்குப் பிறகு உட்கார்ந்தேன். நாற்பது நிமிடம் போனபோது யாரோ மாம்பழம் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உரையைத் தொடங்கவே இல்லை. தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்தவன் நிலையே இதுவென்றால், பத்தாம் தரப் பிள்ளையை மட்டும் 'மன உறுதி இல்லை' என்று எப்படித் திட்டுவது?

நமது 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் யார் என்ன சொன்னார் என்பதையே பெரிதும் பார்க்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் வேறோர் இடத்தில் கைவைத்தது: பயனரின் நடத்தையை வைத்துக் கணிக்காத ஒரு பரிந்துரை வழியையேனும் பெருந்தளங்கள் தந்தாக வேண்டும். அதுவும் முழுத் தீர்வல்ல. ஆனால் கேள்வியைச் சரியான இடத்தில் கேட்கிறது.

நான் தடை கேட்கவில்லை. பார்க்க விரும்புகிறவர் பார்க்கட்டும். வேண்டாம் என்பவருக்கு, தேடி அலையாமல் ஒரே தட்டில் மூடிவிடும் கதவு வேண்டும்; மூடிய கதவு மூடியே இருக்கவும் வேண்டும்.

உம்மா இப்போது பழையபடி வானொலி முஸ்லிம் சேவைக்குத் திரும்பிவிட்டார். "இதுல ஒரு திருகு இருக்கு மகன், நிப்பாட்டினா நிக்கும்" என்கிறார்.