'சுயேச்சை நோயாளர்': ஒரு சட்டப்பிரதியின் மௌனம்

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தை ஓர் இலக்கியப் பிரதியைப் போலவே கட்டவிழ்த்துப் பார்க்கலாம். சுயேச்சை நோயாளரை விடுவிப்பது பற்றிய 88ஆம் பிரிவில் ஒரு வாக்கியம் வருகிறது. மைனராகச் சேர்க்கப்பட்டவர் உள்ளே இருக்கும்போதே 18 வயதை எட்டினால், பொறுப்பு மருத்துவ அலுவலர் அவரைச் 'சுயேச்சை நோயாளர்' என வகைப்படுத்த வேண்டும். நேற்றுவரை பாதுகாவலர் அவருக்காகப் பேசினார். இன்றுமுதல் அவரே பேசலாம், தன் பிரதிநிதியைத் தானே நியமிக்கலாம். உரிமை என்ற வகையில் இது பெரிய விஷயம்தான். ஆனால் வாக்கியத்தின் எழுவாய் யார்? மருத்துவர். அந்தப் பிள்ளையை இதற்குத் தயார்ப்படுத்துவது யார், கூட நிற்பது யார்? பிரதி வாயே திறப்பதில்லை. சேவைகளை அடுக்கும் 18ஆம் பிரிவும் குழந்தைகளையும் முதியோரையும் தனியே பெயர் சொல்கிறது. நடுவில் இருக்கும் இளைஞருக்குப் பெயரில்லை.

இந்த மௌனம் நமக்கு மட்டும் சொந்தமல்ல. இங்கிலாந்தில் 2010இல் வெளியான 'டிராக்' ஆய்வு, குழந்தைகள் சேவையின் வயதெல்லையைத் தொட்ட 154 பேரை எடுத்துக்கொண்டது. பெரியவர்கள் சேவைக்குப் போய்ச்சேர்ந்தவர்களிலேயே முறையாகக் கைமாற்றப்பட்டவர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு. கடுமையான நோயுள்ளவர்கள், மருந்து சாப்பிடுபவர்கள், ஏற்கெனவே உள்நோயாளியாக இருந்தவர்கள் ஆகியோருக்கே மறுகரை போகும் வாய்ப்பு அதிகம். பதற்றம், மனச்சோர்வு, கவனக்குறைபாடு போன்றவற்றோடு வாழ்பவர்கள் நடுவழியில் உதிர்கிறார்கள். 'முத்தட்டும், அப்புறம் வா' என்பதுதான் இதன் பொருள்.

ஃபூக்கோவைப் படித்த நாம் மனநல நிறுவனத்தை அதிகாரமாகப் பார்க்கக் கற்றோம். 2001இல் ஏர்வாடியில் சங்கிலியில் கிடந்தவர்கள் தீயில் மடிந்த பிறகு அந்தப் பார்வையைக் கைவிடவும் முடியாது. அதற்காக, உதிர்ந்து போனவரையெல்லாம் விடுதலை பெற்றவராகக் கொண்டாடிவிட முடியுமா? நிறுவனத்தை மறுப்பது வேறு, நிறுவனத்தால் கைவிடப்படுவது வேறு. முன்னதில் தேர்வு இருக்கிறது. பின்னதில் அது இல்லை. ஆனால் சட்டத்தின் மொழியில் இரண்டுக்கும் ஒரே பெயர்: சுயேச்சை.

இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2016இல் வெளியிட்ட வழிகாட்டி வேறுமாதிரி யோசிக்கிறது. 13, 14 வயதுக்குள் திட்டமிடத் தொடங்க வேண்டும். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் குறைந்தது ஆறாறு மாதம் தெரிந்த ஓர் ஆள் கூடவே வரவேண்டும். காகிதத்தில் இருப்பதெல்லாம் நடந்துவிடாதுதான். என்றாலும், அங்கே சுயேச்சை என்பது பிறந்தநாளன்று போடப்படும் முத்திரையல்ல, ஓர் உறவுக்குள் மெல்லக் கைவரும் திறன். சங்கிலியை அறுக்கச் சொன்ன இயக்கங்கள், கூட வரும் அந்த ஆளையும் சேர்த்துக் கேட்க வேண்டிய நேரம் இது.