கட்டணமும் கெடுவும்

எஃப்-1 விசாவில் வரும் வெளிநாட்டு மாணவருக்கு அமெரிக்க அரசுப் பள்ளிகளில் எட்டாம் வகுப்புவரை இடமில்லை. ஒன்பதிலிருந்து பன்னிரண்டுவரை இடம் உண்டு. ஆனால் ஒரு மாணவருக்கு ஆகும் முழுச் செலவையும் மானியமின்றிக் கட்ட வேண்டும். கட்டினாலும் மொத்தம் 12 மாதம்தான் படிக்கலாம். 1996ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 625ஆம் பிரிவு விதித்த இந்த நிபந்தனைகளில் கட்டணத்தையும் கெடுவையும் ஒரே தராசில் நிறுப்பது தவறு. ஒன்று நன்றாக வரையப்பட்டது. மற்றொன்றுக்குக் காரணமே காண முடியவில்லை.

ஆவணமற்றோரின் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவை மூட மாநிலங்களை அனுமதிக்கும் கேலக்லி திருத்தமும் அந்தச் சட்டத்துக்கான மசோதாவோடு வந்தது. அவர்களின் பள்ளி உரிமையைக் காத்த 1982இன் பிளைலர் தீர்ப்புக்கு எதிரான அது, அதிபரின் ரத்து எச்சரிக்கையால் உதிர்ந்தது, 625 தங்கிவிட்டது. உள்ளூர்ச் சொத்துவரியை நம்பி நடக்கும் பள்ளியில் வெளிநாட்டார் இலவசமாகப் படிக்கக் கூடாது என்பதே அதன் கவலை. முழுச்செலவு நிபந்தனை அந்தக் கவலையைச் சரியாகத் தீர்க்கிறது. கட்டணம் கட்டியதற்குப் பள்ளி அதிகாரி கையொப்பமிட்ட அத்தாட்சி விசா நேர்காணலிலேயே கையில் இருக்க வேண்டும். தள்ளுபடி செய்யும் அதிகாரம் பள்ளி நிர்வாகத்துக்குக் கிடையாது. ஓட்டை இல்லாத வரைவு இது.

பணம் வந்துவிட்ட பிறகு 12 மாதக் கெடு எதைக் காக்கிறது? ஜே-1 பரிமாற்ற மாணவர் ஓராண்டு பெரும்பாலும் கட்டணமின்றிப் படிக்கிறார். எச்-1பி வேலைக்குப் போன நம்மவர்களின் பிள்ளைகள் எச்-4 விசாவில் எல்லா வகுப்பும் இலவசமாகவே படிக்கிறார்கள். அதில் குறை சொல்ல ஏதுமில்லை. முழுச் செலவையும் தருபவரை மட்டும் பாதியில் அனுப்புவதில்தான் தர்க்கம் அறுபடுகிறது.

மெய்ன் மாநிலத்து மில்லினாக்கெட் இதற்குச் சான்று. காகித ஆலை மூடிய ஊர். மாணவர் எண்ணிக்கை தேய்ந்த ஸ்டெர்ன்ஸ் உயர்நிலைப் பள்ளி. தங்குமிடம் உட்பட ஆண்டுக்குச் சுமார் 27,000 டாலர் என்று சீன மாணவர்களை அழைத்தார்கள். 60 பேரை எதிர்பார்த்த இடத்தில் 2011இல் வந்தவர்கள் 6 பேர். பழியை விதியின்மேல் மட்டும் போடுவது நேர்மையாகாது. ஊர் ஒதுக்குப்புறம், பள்ளிக்கு வெளியில் பெயரும் இல்லை. ஆனால் பெயர் எடுக்க அவகாசம் வேண்டும். ஒன்பதில் சேர்ந்தவர் பன்னிரண்டை அங்கேயே முடிக்க வழியில்லை. ஆண்டுதோறும் புது மாணவரைத் தேட வேண்டும். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்க நிரந்தர ஆசிரியரை அமர்த்தவும் துணிவு வராது. அதே மாநிலத்து லீ அகாடமியில் சுற்றுவட்டார ஊர்கள் பொதுப்பணத்தில் கட்டணம் கட்டித் தம் பிள்ளைகளைப் படிக்கவைக்கின்றன. ஆனால் அது சட்டப்படி தனியார் பள்ளி. ஆகவே வெளிநாட்டு மாணவர் அங்கே நான்காண்டும் படிக்கலாம். கல்விக்கும் வரிப்பணத்துக்கும் தொடர்பில்லாத ஒரு வகைப்பாடு இங்கே ஒரு பள்ளியை வளர்த்து மற்றதை முடக்குகிறது.

உள்ளூர்ப் பிள்ளைகளின் இடம் பறிபோகும் என்பது கெடுவை ஆதரிப்போரின் வலுவான வாதம். அச்சம் நியாயமானது, மருந்துதான் பொருந்தவில்லை. ஆண்டுக்கு எத்தனை பேரைச் சேர்க்கலாம் என்பதற்கு 625இல் வரம்பே இல்லை. தலைக்கு எத்தனை மாதம் என்பதற்குத்தான் வரம்பு. இடத்தைக் காப்பது நோக்கமானால் எழுதியிருக்க வேண்டியது இருக்கை உச்சவரம்பு.

கெடுவை நீக்கக் கொண்டுவந்த மசோதாக்கள் எதுவும் இதுவரை நிறைவேறவில்லை. முழுச்செலவு நிபந்தனையில் கைவைக்காமல், கெடுவை எடுத்து, அந்த இடத்தில் இருக்கை வரம்பை வைக்கும் மசோதா வருமானால் அதுவே ஆதரிக்கத் தகுந்தது. கட்டணத்தையும் சேர்த்துத் தளர்த்தும் மசோதாவை, பள்ளிகளின் பெயரால் வந்தாலும், நிராகரிக்க வேண்டும்.