ஓடாத காருக்கு மரியாதை

என் தங்கை மகன் பெங்களூரிலிருந்து வரும்போது கனத்த புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான். இத்தாலியக் கார்களைப் பற்றிய படப் புத்தகம். வழவழப்பான காகிதம், பக்கத்துக்கு ஒரு கார். நகைக்கடை விளம்பரத்தில் அட்டிகையை வைக்கிறமாதிரி ஒவ்வொன்றையும் கறுப்புத் திரைக்கு முன்னால் நிறுத்திப் படம் பிடித்திருந்தார்கள். ஒன்றிலும் சேறு இல்லை. ஒன்றிலும் ஆள் இல்லை. முழுவதும் புரட்டிவிட்டு, "புஸ்தகம் நல்லாத்தான் இருக்குது மாப்பிள்ளை, ஆனா இதுல காரைக் காணமே?" என்றேன்.

அவன் வந்த காரியம் வேறு. காளப்பநாயக்கன்பட்டியில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் 1970-ஆம் வருஷத்து ஃபியட் 1100 டிலைட் ஒன்று நிற்கிறது. நிற்கிறது என்று சொன்னது தப்பு. ராத்திரியில் நிற்கிறது, பகலில் ஓடுகிறது. அதை அவன் எடுத்துக்கொள்ளப் பிரியப்படுகிறான். அக்கக்காகப் பிரித்து, பம்பாய்க் குர்லாத் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கி, பழம்பெரும் வண்டியாகப் பதிவு செய்துவிட வேண்டும் என்பது அவன் திட்டம். 2021-ல் மத்திய அரசு இதற்கென்று தனி விதி கொண்டுவந்தது. ஐம்பது வயதுக்கு மேற்பட்ட, அடிப்படை உருவம் மாறாத வண்டிகளுக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகள் சேர்ந்த எண் பலகை கொடுப்பார்கள். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பத்து வருஷத்துக்குச் செல்லும். ஆனால், அந்தப் பலகையை மாட்டிய பிறகு வண்டியை அன்றாடம் ஓட்டக்கூடாது. கண்காட்சி, பழைய வண்டிகளின் ஊர்வலம், ரிப்பேர், பெட்ரோல் போடுவது போன்ற காரியங்களுக்குத்தான் தெருவில் இறக்கலாம்.

"உங்க வண்டிக்கு இதைவிட என்ன மரியாதை வேணும் மாமா?" என்று கேட்டான்.

மரியாதைதான். ஓடக்கூடாது என்ற நிபந்தனையின்பேரில் கொடுக்கிற மரியாதை. எனக்கு ஆட்சேபமே அதில்தான். இது வெறும் குடும்ப விஷயமாக இருந்தால் இங்கே எழுதி வாசகர்களை உபத்திரவப்படுத்த மாட்டேன். ஒரு பொருளை எப்படி ரசிப்பது, எங்கே வைத்து மதிப்பிடுவது என்ற கேள்வி இதற்குள் இருக்கிறது. நாவல்களைப் பற்றிப் பேச உட்காரும்போதும் இதே கேள்விதான் நம்மை மடக்குகிறது.

படப் புத்தகத்தின் நடுவில் சிவப்பாக ஒரு சின்னக் கார் இருந்தது. சிஸிட்டாலியா 202 என்று பெயர். இரண்டாவது உலக யுத்தம் முடிந்த கையோடு டூரின் நகரத்தில் செய்தது. பினின் ஃபரீனா பட்டறை உருவம் கொடுத்தது. பானட், மட்கார்டு, விளக்கு என்று தனித்தனியாக ஒட்டவைத்த வண்டிகளையே உலகம் பார்த்துப் பழகியிருந்த காலத்தில், ஈரக் களிமண்ணை ஒரே கையால் வழித்துவிட்டமாதிரி இந்தக் கார் வந்து நின்றது. நியூயார்க்கிலுள்ள நவீன கலை மியூசியம் 1951-ல் எட்டுக் கார்களை மட்டும் தேர்ந்தெடுத்து ஒரு கண்காட்சி நடத்தியது. காரைச் சிற்பமாகப் பார்க்கச் சொன்ன கண்காட்சி. எட்டில் ஒன்று இந்த 202. பிற்பாடு 1972-ல் இந்த ரகத்தில் ஒன்றை மியூசியம் தன் சேகரத்திலேயே சேர்த்துக்கொண்டது.

இத்தாலியர்கள் 'கிரான் துரிஸ்மோ' என்று ஒரு ஜாதிக் காரைச் சொல்வார்கள். நெடும் பிரயாணத்துக்கென்று செய்த வண்டி. வேகம் வேண்டும், ஆனால் நாள் முழுவதும் ஓட்டினாலும் இடுப்பு ஒடியக்கூடாது, பெட்டி படுக்கைக்கும் கொஞ்சம் இடம் வேண்டும். அந்த ஜாதியின் ஆதி புருஷர்களில் ஒன்றாக சிஸிட்டாலியாவைச் சொல்லலாம். பிரயாணத்துக்கென்றே பிறந்ததைப் பிரயாணமே இல்லாத இடத்தில் நிறுத்திவிட்டு, அதன் வளைவுகளைப் பார் என்கிறார்கள். பார்க்கத்தான் வேண்டும், அழகாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் அந்த வளைவுகள் காற்றுக்காக ஏற்பட்டவை, கண்ணுக்காக அல்ல. 1947-ல் மழையில் நடந்த மில்லே மிலியா பந்தயத்தில் தாஸியோ நுவொலாரி ஒரு திறந்த சிஸிட்டாலியாவில் இரண்டாவதாக வந்தார். அப்போது அவருக்கு வயது 54. முதலில் வந்த ஆல்ஃபா ரோமியோவின் எஞ்சின் அவருடைய எஞ்சினைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் பெரியது. அந்தக் காரின் மீது எழுதப்பட்ட முதல் விமர்சனம் அந்த மழைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனிமேல்தான் வேடிக்கை. அந்த மியூசியச் சிற்பத்தின் பானட்டைத் திறந்தால் உள்ளே இருப்பது ஃபியட் 1100-இன் எஞ்சின்; கொஞ்சம் முடுக்கிவிட்டிருக்கிறார்கள், அவ்வளவே. டான்டே ஜியாகோஸா என்ற எஞ்சினீயர் 1937-ல் ஃபியட் 508 சி என்ற காருக்காக அமைத்தது அது. நாலு சிலிண்டர், குறுக்களவு 68 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 75 மில்லிமீட்டர், மொத்தம் 1089 ஸி.ஸி. என் கொட்டகையில் இருக்கிற டிலைட்டிலும் இதே அளவுகள்தாம். நியூயார்க்கில் கயிறு கட்டித் தள்ளி நின்று பார்க்கிற எஞ்சினின் பங்காளி, காளப்பநாயக்கன்பட்டியில் சந்தைக்குப் போய் வாழைத்தார் ஏற்றி வருகிறது.

பங்காளி இங்கே வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வால்சந்த் ஹீராசந்த் 1944-ல் பம்பாயில் ஏற்படுத்திய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், 1954-லிருந்து ஃபியட் 1100-ஐ இந்தியாவில் விற்றது. மில்லிசென்டோ, எலிகன்ட், செலக்ட், சூப்பர் செலக்ட் என்று பெயர்கள் மாறின, 1964-ல் டிலைட். ஃபியட் என்ற பெயர் போய், 1974-ல் 'பிரீமியர் பத்மினி' ஆயிற்று. சித்தூர் ராணியின் பெயர் என்பார்கள்; நம் ஊரில் அதைச் சொல்லிப் பாருங்கள், யாரும் நம்பமாட்டார்கள். நாட்டியப் பேரொளி இருக்கும்போது ராணி எதற்கு? இத்தாலியில் 1969-ல் 128 என்ற புது மாடல் வந்தபோது 1100-இன் காலம் முடிந்துவிட்டது. இங்கே ஏறக்குறைய 2000 வரை அதையே செய்துகொண்டிருந்தார்கள். மூலம் அச்சில் இல்லாமல் போன பிறகும் மொழிபெயர்ப்பு பதிப்புக்குமேல் பதிப்பாக ஓடியது. அதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. போட்டியில்லாத சந்தையில், வருஷக்கணக்காகக் காத்திருந்து வாங்க ஆள் இருந்தபோது, திருத்திய பதிப்பு போட யாருக்கும் அவசியம் தோன்றவில்லை. 1983 டிசம்பரில் மாருதி வந்த பிறகுதான் பிழைகள் கண்ணில் பட்டன.

நான் என் டிலைட்டை வாங்கியது 1987-ல். அதற்குள் அதற்குப் பதினேழு வயது. ஒரு நாவல் இரண்டாம் பதிப்பு வந்த பணம் கையில் இருந்தது. அது ஒன்றுதான் என் அனுபவத்தில் இரண்டாம் பதிப்பு வந்தது. சேலத்தில் ஒரு தரகர் வண்டியைக் காட்டினார். வெண்ணெய் நிறம், புதுப் பெயின்ட், சீட்டில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. நான் மயங்கிவிட்டேன். நல்லவேளையாக நாமக்கல்லில் லாரிப் பட்டறை வைத்திருந்த ஒரு மேஸ்திரியையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அவர் வண்டியின் முகத்தையே பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து, பெயின்ட் கீறாமல் இருக்கக் கைக்குட்டையில் சுற்றி, கதவுக்கு அடிப்பக்கம், மட்கார்டு ஓரம், விளக்கைச் சுற்றி என்று வைத்துக்கொண்டே போனார். சில இடங்களில் பிடித்தது. பல இடங்களில் பொத்தென்று விழுந்தது.

"பவுடருக்கு அடியில மூஞ்சியே இல்லீங்கண்ணா" என்றார். துரு தின்ற இடத்தில் பட்டியை அப்பிப் பெயின்ட் அடித்திருந்தது.

பிறகு பானட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டார். எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றிப் புகை வருகிறதா என்று பார்த்தார். "உசுரு நல்லா இருக்குது. உடம்பு நாம பாத்துக்கலாம்" என்று சொல்லி, தரகர் கேட்டதில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து முடித்தார். அன்றைக்கு அவர் செய்ததைப்போன்ற ஒரு விமர்சனத்தை என் புத்தகங்களுக்கு யாரும் செய்ததில்லை. செய்திருந்தால் நான் அந்தக் காந்தத்துக்குப் பயந்தாவது சில பக்கங்களை எழுதாமல் இருந்திருப்பேன்.

எங்கள் ஊரின் விசேஷத்தை இங்கே சொல்ல வேண்டும். நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகக் கொல்லிமலைக்குப் போகிறவர்கள் எங்கள் ஊரைத் தாண்டித்தான் காரவள்ளிக்குப் போக வேண்டும். அங்கே மலை ஆரம்பம். சோளக்காட்டுக்குள் போய்ச் சேருவதற்குள் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு எண் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். எத்தனை பாக்கி என்று கணக்குப் பார்த்து அழுகிற குழந்தைகள் உண்டு.

தரைச் சாலையில் எந்த வண்டியும் நல்ல வண்டிதான். வளைவில் இரண்டாவது கியரில் திரும்பும்போது எஞ்சின் திணறினால், முதல் கியருக்கு இறங்க வேண்டும். டிலைட்டில் நகர்கிறபோது முதல் கியர் லேசில் விழாது. கிளட்சை இரண்டு தடவை மிதித்து, நடுவில் எஞ்சினைக் கொஞ்சம் உறுமவிட்டு, ஸ்டீயரிங் தண்டிலுள்ள கியர்க் கம்பியைக் கெஞ்சி இறக்க வேண்டும். சித்திரை வெயிலில் பெட்ரோல் பம்ப்பிலேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். வண்டி விக்கி விக்கி நிற்கும். பின்சக்கரத்துக்குக் கல் போட்டுவிட்டு, பம்ப்பின்மேல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டு, கால்மணி நேரம் காட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். இறங்கும்போது இன்னும் ஜாக்கிரதை. நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறிப் பிடிப்பு போய்விடும். ஏறின கியரிலேயே இறங்கு என்று மேஸ்திரி சொன்ன வாக்கை முப்பத்தைந்து வருஷத்துக்குமேல் காப்பாற்றி வருகிறேன். அது என்னைக் காப்பாற்றி வருகிறது.

குறை என்று பார்த்தால் நிறைய. முகப்பு விளக்கு மின்மினி. மழையில் வைப்பர் ஒரு சம்பிரதாயம். துரு வருஷத்துக்கு ஒரு இடத்தில் எட்டிப் பார்க்கும். பிரேக் விஷயத்தில் என் மருமகன் சொல்வது முழுக்க நியாயம். இன்றைய சின்னக் கார்கூட இதைவிட நன்றாக நிற்கும். ஆனால் நாற்பதாவது வளைவில், ஐந்து பேரும் ஒரு பலாப்பழமும் உள்ளே இருக்க, அந்த 1089 ஸி.ஸி. எஞ்சின் இரண்டாவது கியரில் ஒரே சுருதியில் இழுத்துக்கொண்டு போகிற சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டால்தான் ஜியாகோஸா என்ன நினைத்து அதைச் செய்தார் என்று தெரியும். கறுப்புத் திரைக்கு முன்னால் நிறுத்தினால் தெரியாது. இது கிரான் துரிஸ்மோ இல்லை. சாதாரணக் குடும்ப வண்டி. இருந்தாலும் அந்தச் சொல்லின் அர்த்தம் எனக்கு விளங்கியது இந்த மலையில்தான்.

பழையபடியே ஆக்குகிறேன் என்கிறான். எந்தப் பழையபடி? கிளட்ச் தட்டு எத்தனையோ தடவை மாற்றியாயிற்று. பிஸ்டன் இரண்டு தடவை. இடது முன்கதவு புதுப்பேட்டையில் வேறு ஒரு வண்டியிலிருந்து கழற்றியது. உள்பக்கம் இன்னும் நீலம். டைனமோவை எடுத்துவிட்டு மேஸ்திரி ஆல்டர்னேட்டர் வைத்தார். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலப்பதால் பழைய ரப்பர் குழாய்கள் ஊறிப்போகின்றன, அவற்றையும் மாற்றினேன். கோயில் தேரில் அச்சு மாறும், சக்கரம் மாறும், வடம் மாறும்; இது பழைய தேர் இல்லை என்று யாராவது சொல்வார்களா? ஓட்டம் நின்றுபோன தேரைத்தான் ஊரார் பழைய தேர் என்கிறார்கள்.

இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டான். "சரிங்க மாமா. மேஸ்திரியும் போயிட்டாரு. உங்களுக்கு அப்புறம் இதை யாரு மலைக்கு ஓட்டுவாங்க?"

அதற்கு என்னிடம் சாமர்த்தியமான பதில் இருக்கவில்லை. ஊர்வலத்துக்கு மட்டும் போனாலும் இரும்புக் கடைக்குப் போகாமல் பிழைத்திருக்கும் என்பது அவன் கட்சி. பம்பாயில் இதன் சகோதரங்கள் டாக்ஸியாக ஓடி 2023 அக்டோபரோடு முடிந்துபோனதைச் சொன்னான். அவன் வண்டியை நேசிக்கிறான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. புத்தகத்தை அட்டைபோட்டு அலமாரியில் பூட்டுகிறவர்களும் நேசிக்கிறவர்கள்தாம். கடைசியில் ஓர் உடன்படிக்கைக்கு வந்தோம். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற சாதாரணப் பதிவு அடுத்த வருஷம் முடிகிறது. அதற்குள் அவன் எழுபது வளைவையும் தானே ஓட்டி ஏறி இறங்க வேண்டும். அதற்குப் பிறகும் 'வி.ஏ.' பலகைதான் வேண்டும் என்றால் சாவியைக் கொடுத்துவிடுகிறேன்.

ஆடிப் பதினெட்டுக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். வல்வில் ஓரி விழாவுக்கு மலையில் கூட்டம் இருக்கும். கற்றுக்கொள்கிறவனுக்கு ஏற்ற நாள் அல்ல, முந்தின வாரமே வா என்று எழுதியிருக்கிறேன். பின்பக்கத்து வலது சக்கரத்தில் பிரேக் எண்ணெய் கசிகிறது. சிலிண்டருக்கு ரப்பர் வாஷர் வேண்டும் என்று புதுப்பேட்டைக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.