பருத்திவீரனின் மௌனம்: அமீர் திரைப்படத்தில் சாதியும் பழியும்

அமீர் இயக்கிய ‘பருத்திவீரன்’ (2007) பெரும்பாலும் ‘மண் மணம்’ என்னும் தொடராலேயே பாராட்டப்பட்டு வருகிறது. திருவிழாக் கூட்டம், கரகாட்டம், மதுரை வட்டாரப் பேச்சு, புழுதி ஆகியன இப்பாராட்டுக்குச் சான்றுகளாகின்றன. பாராட்டில் மிகையில்லை. ஆயினும் இறுதிக்காட்சி எழுப்பும் வினாவை அது பேசவிடாமல் செய்துவிடுகிறது. முத்தழகை அழித்தவர் யார் என்பது வேறு. ஊர் யாரைக் கொலையாளியாகக் காண்கிறது என்பது வேறு.

வீரனின் தாய் அவன் தந்தையின் சாதியைச் சேர்ந்தவள் அல்லள், ஒடுக்கப்பட்ட சமூகத்தவள். உறவுமுறையில் முத்தழகு அவனுக்கு உரிமையுடையவள் எனினும், அவள் தந்தை கழுவன் அவனைக் கலப்பு இரத்தமாகவே கருதுகிறான். வீரன் அடிதடியில் திரிபவன். சென்னைச் சிறைக்குப் போகுமளவு பெரிய வழக்கொன்றில் சிக்குவதே அவன் கனவு. இது நகைச்சுவையாகக் காட்டப்பட்டாலும், தன்னை ஏற்காத ஊரில் பெயர் பெற அவனுக்குத் திறந்திருக்கும் ஒரே வழி அதுதான் என்பது கவனிக்கத்தக்கது. காதலில் முன்கை எடுப்பவளும் அடி வாங்குபவளும் முத்தழகே. பிரியாமணிக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்ததில் வியப்பில்லை.

இருவரும் ஊரைவிட்டு வெளியேறிய பின், ஆளரவமற்ற வீடொன்றில் முத்தழகு கூட்டு வன்புணர்வுக்கு ஆளாகிறாள். அதைச் செய்பவர்கள் கழுவனின் ஆட்கள் அல்லர், வீரனுக்கு அறிமுகமானவர்கள். அவன் அழைத்துவந்த பெண் என்பதே அவர்களுக்குப் போதுமானதாகிறது. அவன் செய்த பாவம் தன்மேல் விடிந்தது என்னும் பொருள்பட அவள் பேசுகிறாள். இங்கேதான் படம் சறுக்குகிறது. இரண்டு மணி நேரத்துக்கு மேலாகச் சாதியின் வன்மத்தை வளர்த்துவந்த கதை, அதன் விளைவை ஊழ்வினைக் கணக்காக மாற்றிவிடுகிறது. கணக்கு வீரனுடையது, தீர்க்கும் உடல் முத்தழகினுடையது. ஆண் திருந்துவதற்குப் பெண்ணைப் பலியிடும் இந்தப் பழக்கம் தமிழ்த் திரையில் புதிதன்று.

ஆனால் படம் அத்துடன் முடியவில்லை. தன்னை அந்நிலையில் எவரும் காணலாகாது என்று முத்தழகு வேண்ட, வீரன் அவள் உடலை வெட்டுகிறான். வந்துசேரும் கழுவனும் உறவினரும் காண்பது அதை மட்டுமே. தாக்கப்படும்போது அவன் உண்மையைக் கூறுவதில்லை. கீழானவன், கொலைகாரன் என்று அவர்கள் பிறப்பை வைத்து முன்பே எழுதிவைத்த தீர்ப்புக்கு அவன் மௌனமே சாட்சியமாகிவிடுகிறது. உண்மை அறிந்தவர் பார்வையாளர் மட்டுமே. ஊழ் பேசிய வசனம் வலுவிழப்பதும், சாதி மீண்டும் கதைக்குள் வருவதும் இந்த மௌனத்தால்தான். அமீர் இதை முழுதும் உணர்ந்து அமைத்தாரா என்பதைப் படத்தைக் கொண்டு உறுதிசெய்ய இயலாது.

பாலாவிடம் உதவி இயக்குநராக இருந்த அமீர், ‘மௌனம் பேசியதே’ (2002), ‘ராம்’ (2005) ஆகியவற்றுக்குப் பின் இப்படத்தை இயக்கினார். ‘ராம்’ படத்திலும் கொலைப்பழி சுமப்பவனே நாயகன். சூழலுக்குள் பொருந்தாதவன்மீது பழி எளிதில் படிகிறது என்னும் எண்ணம் அங்கேயே தொடங்குகிறது. ‘பருத்திவீர’னில் அதற்குச் சாதியின் முகம் கிடைக்கிறது. ‘ஆதிபகவன்’ (2013) இத்தடத்தைத் தொடரவில்லை. நிலமும் உறவும் அகன்றவுடன் வன்முறை வெறும் விசையாகிப்போனது. ‘வட சென்னை’யில் (2018) ராஜன் பாத்திரத்தை ஏற்ற நடிகராகவே பின்னர் அவர் அதிகம் பேசப்பட்டார்.

அதே 2018இல் வெளிவந்த மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ சாதிக்கொலையை ஊழின் பெயரில் ஒப்படைக்க மறுத்தது. அதன் நாயகன் உயிரோடு எஞ்சுகிறான். பெண்ணின் தந்தைக்கு எதிரே நின்று பேசவும் செய்கிறான். வீரனுக்கு வாய்க்காதது அந்தப் பேச்சு.