லவுஞ்ச் இசையும் அரபு நாதமும்

ஈப்போ பழைய நகரின் கடைவீடுகள் பல இன்று காப்பி விடுதிகளாகவும் சிறு தங்கும் விடுதிகளாகவும் மாறிவிட்டன. ஈய வணிகம் செழித்த காலத்தில் கணக்குப் பேரேடுகள் விரிந்திருந்த கூடங்களில் இப்பொழுது பயணிகள் வெள்ளைக் காப்பி அருந்துகின்றனர். இத்தகைய இடங்கள் சிலவற்றில் சுவர் மூலையிலிருந்து ஓர் இசை ஓயாது கசிந்துகொண்டிருக்கும். மின்கருவியில் பிறந்த தாளம் ஒன்று நிதானமாக ஓடும். அதன்மேல் ஊத் என்னும் அரபு நரம்புக் கருவியின் சில சுரங்களோ, சொல் விளங்காத பெண்குரலின் நீண்ட இழைப்போ தோன்றும். நெஞ்சில் பதியுமுன் மறைந்துவிடும். லவுஞ்ச் இசை என்று இதற்குப் பெயர். ஓட்டல்களில் வந்தவர் சாய்ந்திருக்கும் கூடத்துக்கு உரிய இசை என்பது அப்பெயரின் பொருள். பேச்சுக்கும் உணவுக்கும் பின்னணியாக நிற்பதற்கென்றே இஃது ஆக்கப்படுகிறது.

பின்னணிக்கென்று பிறந்ததைத் திறனாய்வு செய்வானேன் என்று சிலர் வினவலாம். பின்னணியில் நிற்பதும் காதில் விழத்தான் செய்கிறது. அதிலும், பேராக்கின் பழைய ரப்பர் தோட்டங்களை விட்டு நகருக்கு வந்து குடியேறிய தமிழர் செவியில் இது விழும்போது, இதனை ஆக்கியோர் எண்ணிப் பாராத ஒன்று நிகழ்கிறது. பாரிஸ் நகரத்தாருக்குத் தொலைதூரப் புதுமையாக விற்கப்பட்ட அந்த நாதம், இவர்களுக்குப் புதிதே அன்று.

தோட்டத்தில் பொழுது புலருமுன் பெரட்டுக்குப் புறப்படும் வேளையில் மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கி ஒரு பக்கம் பாடும். அருகிலுள்ள மலாய்க் கம்பத்துப் பள்ளிவாசலிலிருந்து பாங்கோசை வரும். இரண்டையும் ஒருசேரக் கேட்டு வளர்ந்த செவி தோட்டத்துச் செவி. திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய நாள்களில், 1956-இல் வெளிவந்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ போன்ற படங்கள் பாக்தாதையும் பாலைவனத்தையும் லயத்து வாசலுக்கே கொண்டுவந்தன. எஸ். தட்சிணாமூர்த்தி அப்படத்துக்கு இசையமைத்தார். ஐந்தாண்டு கழித்து 1961-இல் அதே அலிபாபாவை பி. ரம்லி மலாய் மொழியில் நகைச்சுவைப் படமாக்கினார். நாகூர் ஈ. எம். ஹனிபா (1925–2015) பாடிய இசுலாமியப் பாடல்களோ சமய வேலியைத் தாண்டிப் பல இந்து வீட்டு வானொலிப் பெட்டிகளிலும் ஒலித்தன. மலாய் மக்களின் சப்பின் ஆட்டத்துக்கு வாசிக்கப்படும் காம்புஸ் என்னும் கருவியும் ஹத்ரமவுத் அரபிகள் வழியாக வந்ததேயாகும். ஆகவே, அரபு நாதம் பேராக்கில் விருந்தாளி அன்று. நெடுநாளைய அண்டை வீட்டுக்காரர் எனலாம்.

அண்டை வீடு என்பதினும் நெருங்கிய உறவு ஒன்றும் உண்டு. கோயில் மண்டபத்திலோ பள்ளி அறையிலோ கர்நாடக இசை பயிலத் தொடங்கும் பிள்ளைக்கு முதற்பாடம் சரளி வரிசை. அது மாயாமாளவகௌளை இராகத்தில் அமைந்தது; புரந்தரதாசர் வகுத்த முறை என்பது மரபு. அந்த இராகத்தில் ச-வுக்கும் ரி-க்கும் இடையே அரைச்சுரத் தொலைவு; ரி-க்கும் க-வுக்கும் ஒன்றரை; க-வுக்கும் ம-வுக்கும் மீண்டும் அரை. இந்நான்கு சுரக் கட்டினை அரபு இசைவாணர் ஹிஜாஸ் என்பர். ப-வில் தொடங்கி மேல் ச வரையிலும் இதே அளவு திரும்ப வருகிறது. இவ்வாறு இரண்டு கட்டுகளையும் அடுக்கினால் கிடைப்பது அவர்கள் ஹிஜாஸ் கார் என்று அழைக்கும் மகாம். பாலைவனம், ஒட்டகம், நிலவு என்று லவுஞ்ச் இசைத் தட்டின் உறையில் எதை வரைந்தாலும், உள்ளே இருந்து வருவது பெரும்பாலும் புந்தோங் சிறுமி ஒருத்தி சுருதிப் பெட்டியின் முன் உட்கார்ந்து முதல் வாரத்தில் பாடிய ச-ரி-க-ம-வின் இடைவெளிகளே.

இதனால் மகாமும் இராகமும் ஒன்று என்று கொண்டுவிடலாகாது. ஏணி ஒன்றாயினும் ஏறும் முறை வேறு. எந்தச் சுரத்தில் நிற்பது, எதைத் தொட்டுவிட்டு விலகுவது, எந்த இடத்தில் அடுத்த மகாமுக்குள் நழுவுவது என்பனவற்றால் அரபு இசை தனக்கெனத் தனி நடை பெறுகிறது. அந்த நடையை லவுஞ்ச் இசை எவ்வளவு காப்பாற்றுகிறது என்பதே இங்கு ஆராயத்தக்கது.

அரபு இசையின் உயிர்நிலை, பியானோவின் வெள்ளை, கறுப்புக் கட்டைகளுக்கு இடையே மறைந்திருக்கிறது. ராஸ்து என்னும் மகாமின் மூன்றாம் சுரம், சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே நிற்பது. பயாத்தி என்பதன் இரண்டாம் சுரம், சுத்த ரிஷபத்துக்கும் சதுச்ருதி ரிஷபத்துக்கும் நடுவே நிற்பது. இவற்றைக் கால்சுரங்கள் என்பர். இந்த ராஸ்தும் பயாத்தியுமே அரபு மக்களின் அன்றாடப் பாட்டிலும் திருமறை ஓதுதலிலும் பெரிதும் பயில்வன. லவுஞ்ச் இசைத் தொகுப்புகளிலோ இவை அரிதினும் அரிதாகவே தலைகாட்டுகின்றன. பன்னிரண்டு கட்டைகளுக்குள் இடரின்றி அடங்கும் ஹிஜாஸ், நஹாவந்து, குர்து என்பனவே மீண்டும் மீண்டும் வருகின்றன. அரபு இசையென்று அங்கே கேட்பது, விசைப்பலகை அனுமதித்த அளவிலான அரபு இசையே. பொறியைக் குறை கூறவும் வழியில்லை. கால்சுரம் தரும் விசைப்பலகைகள் அரபு நாட்டுச் சந்தைகளில் பல்லாண்டுகளாகக் கிடைக்கின்றன. உண்பவருக்குப் பழக்கமில்லாத சுரம் ஒன்று ஒலித்தால் அவர் கரண்டியை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். அது நேரக்கூடாது என்று கருதுகிற தேர்வு இது.

இந்தச் சிக்கல் கெய்ரோவில் எப்போதோ எழுந்துவிட்டது. 1932-இல் மன்னர் புவாத் ஆதரவில் அங்கே கூடிய அரபு இசை மாநாட்டில் அங்கேரியின் பேலா பார்த்தோக், செருமனியின் பவுல் ஹிண்டெமித் போன்றோர் கலந்துகொண்டனர். பியானோ முதலிய மேனாட்டுக் கருவிகளை அரபு இசைக்குள் விடலாமா என்று அங்கே கடும் வாதம் நிகழ்ந்தது. இந்தியாவில் இதற்கு ஒப்பான வழக்கு ஆர்மோனியத்தின் மேல் நடந்தது. கமகத்தை ஏந்த இயலாக் கருவி என்று 1940-இல் அகில இந்திய வானொலி அதை விலக்கிவைத்தது. 1971 வாக்கில்தான் அத்தடை தளரத் தொடங்கியது. தோடியின் காந்தாரம் ஆடி அசைவதைக் கேட்டவருக்கு இவ்வச்சத்தின் நியாயம் விளங்கும். ஆனால், பிடில் மட்டும் இரு நாட்டாருக்கும் சொந்தக் கருவியாகிவிட்டதை நோக்க வேண்டும். அதன் கழுத்தில் மெட்டுகள் இல்லை; விரல் போன இடமெல்லாம் சுரம். வெளிநாட்டுக் கருவி என்பது மட்டுமே குற்றமாகக் கருதப்படவில்லை.

மின்சாரமும் குற்றம் அன்று. மின்னியல் இசையின் வரலாற்றை 1948-இல் பாரிஸின் பியர் ஷெஃபரோடு தொடங்குவது பாடநூல் வழக்கம். அதற்கு நான்காண்டு முன்பே, 1944-இல், ஹலீம் எல் தாப் என்னும் எகிப்திய இளைஞர், கம்பியில் ஒலி பதியும் கருவி ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு பேயோட்டும் ஸார் சடங்குக்குச் சென்றார். அங்கே பெண்கள் பாடியதைப் பதிந்து வந்து, எதிரொலியைக் கூட்டியும் குறைத்தும் புதிய ஆக்கமாக்கினார். கெய்ரோவில் பிறந்த அந்த ஆக்கம் பின்னணி இசையாக நிற்க ஒருகாலும் ஒப்பாது. மேலும், 1964-இல் உம்மு குல்தூம் பாடிய ‘இன்த்த உம்ரி’ என்னும் பாடலின் முன்னிசையில் மின்கித்தாரை நுழைத்தவர் அதன் இசையமைப்பாளர் முஹம்மது அப்துல் வஹாப். பழமையில் ஊறிய கெய்ரோ இரசிகர்கள் அதை ஏற்றுக்கொண்டனர்.

ஏன் ஏற்றனர்? பாட்டின் நேரம் அவர்கள் கையில் இருந்தது. உம்மு குல்தூமின் மாதாந்தர வியாழக்கிழமைக் கச்சேரியைக் கெய்ரோ வானொலி அரபு உலகெங்கும் பரப்பியது. ஒரு பாட்டு ஒரு மணி நேரமும் நீளும். ஓர் அடி பிடித்துவிட்டால் அவையோர் ஆரவாரித்து மறுபடி கேட்பர். பாடுபவர் அதே அடியை வேறு வண்ணத்தில் திரும்பப் பாடுவார். பாடுபவரும் கேட்பவரும் ஒருவரையொருவர் ஏற்றிவிடும் இந்த நிலைக்குத் தரப் என்று பெயர். சபையில் தலையசைப்பும் “பலே”யும் பாட்டை நீட்டுவதைத் தமிழ் இரசிகரும் அறிவர். லவுஞ்ச் இசையில் இந்த உடன்படிக்கை அறுபட்டுவிடுகிறது. அரபுக் குரல் எட்டு மாத்திரை வெட்டி எடுக்கப்பட்டு, மாறாத தாளத்தின்மேல் ஒட்டப்பட்டு, கேட்போர் மகிழ்ந்தாலும் மகிழாவிட்டாலும் குறித்த நொடியில் திரும்ப வருகிறது.

இவ்வகையின் புகழ்பெற்ற தொகுப்பு, பாரிஸில் 1996-இல் ரேமோன் விசான் திறந்த புத்தா பார் உணவகத்திலிருந்து எழுந்தது. அங்கே இசை கலந்தவர் துனிசியாவில் பிறந்த கிளோட் ஷால். முதல் தட்டு 1999-இல் வெளிவந்து உலகெங்கும் ஓட்டல்களை அடைந்தது. பெரிய புத்தர் சிலையின் கீழே மது பரிமாறும் வழக்கம், ஈப்போவின் சுண்ணாம்புக் குகைகளில் புத்தருக்கு ஊதுபத்தி ஏற்றுவோருக்கு எப்படித் தோன்றுமோ! எந்த நாட்டுப் பொருளும் அங்கே அலங்காரம்தான். அமெரிக்கரான தீவரி கார்ப்பரேஷன் குழுவினர், 2000-இல் வந்த தம் தட்டில் ‘லெபனீஸ் பிளாண்ட்’ என்று ஒரு பாட்டுக்குப் பெயரிட்டனர். பெயர் லெபனான்; உள்ளே முழங்குவது இந்திய சித்தார். இரண்டும் கிழக்குதானே என்ற அசட்டை அதில் தெரிகிறது. பாட்டு இனிமையானதுதான், அதை மறுப்பதற்கில்லை.

எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது முறையாகாது. பெல்ஜியத்தில் பிறந்த நட்டாஷா அட்லஸ் 1997-இல் வெளியிட்ட ‘ஹலீம்’, எகிப்தின் பெரும் பாடகர் அப்துல் ஹலீம் ஹாபிஸின் நினைவைப் பெயரிலேயே தாங்கியது. அதில் குரல் முன்னே நடக்கிறது. மின்தாளம் பின்னே வருகிறது. சுரத்தை வளைக்கும் இடங்களில் பாடகி அவசரப்படுவதில்லை. காப்பி விடுதியில் இது ஒலித்தால் பேச்சு சற்றே தடைப்படும். அத்தடையை அந்தத் தட்டின் சிறப்பென்றே கொள்ள வேண்டும்.

தமிழ்த் திரையும் இத்துறையில் சும்மா இருக்கவில்லை. 2022-இல் ‘பீஸ்ட்’ படத்துக்காக அனிருத் இசையமைத்த ‘அரபிக் குத்து’ பேராக் திருமண மண்டபங்களிலும் ஒலித்தது. சிவகார்த்திகேயன் எழுதிய அப்பாட்டின் பல்லவியில் வரும் அரபு போன்ற ஓசைகள் பெரும்பாலும் பொருளற்றவை. கற்றோர் இதனை இகழ்வர். அரபியரின் மொழியை வெற்று ஓசையாக்கிய குற்றம் இதற்கும் உண்டு என்பது மெய்யே. எனினும், இது தன்னை ஞானமென்று சொல்லிக்கொள்ளவில்லை. கீழே கிடப்பது சொந்த ஊர்க் குத்துத் தாளம். கேட்டவரை எழுப்பி ஆடச்செய்கிறது. லவுஞ்ச் இசை கேட்பவரைச் சாய வைக்கிறது.

இந்தச் சாய்வு தோட்டத்து மக்களுக்கு எளிதில் கைவந்ததன்று. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீட்டு மனைகளாகியும் போனபின், லயத்து வரிசைகள் கலைந்தன. அவற்றோடு கூடிக் கேட்கும் பழக்கமும் கலைந்தது. திருவிழாவில் உருமி மேளத்தைச் சுற்றி நின்றவர்களும், ஒரு வானொலிப் பெட்டியை நான்கு வீட்டார் பகிர்ந்துகொண்டவர்களும் இன்று அடுக்குமாடிகளில் தனித்தனியே செவிக்கருவி மாட்டிக் கேட்கின்றனர். அவர்களுடைய பிள்ளைகளும் பேரர்களும் நகரத்து விடுதிகளில் பணிபுரிகின்றனர். வந்து போகிறவர் அரைமணி நேரம் கேட்கும் இசையை அவர்கள் எட்டு மணி நேரம் கேட்கின்றனர். எந்த இசையைக் கேட்கிறோம் என்று அவர்களைக் கேட்டால் பெயர் சொல்லத் தெரியாதிருக்கலாம். ஆனால் எந்த இடத்தில் அது திரும்ப வருமென்று அவர்கள் அறிவர். அவர்களுள் சரளி வரிசை பயின்றவர் எவரேனும் இருந்தால், அந்த ரிஷபத்தையும் காந்தாரத்தையும் இனம் கண்டிருப்பர். ராஸ்தின் காந்தாரத்தை, மருங்கிலுள்ள பள்ளிவாசல் ஒலிபெருக்கிதான் அவர்களுக்குக் கேட்பிக்க வேண்டும்.

கெய்ரோவாசி ஒருவர் புத்தா பாரின் தட்டைக் கேட்டு என்ன எண்ணுவார் என்பதை ஊகிக்கப் பேராக் மக்களுக்கு ஒரு தனி வாய்ப்பு உண்டு. பேராக் மாநிலப் பண்ணின் மெட்டு, சுல்தான் அப்துல்லா சீஷெல்சு தீவுக்கு நாடுகடத்தப்பட்டிருந்தபோது அரச குடும்பத்தார் அங்கே கேட்டது என்பர். அது ‘தெராங் பூலான்’ என்னும் காதற்பாட்டாக மலாய் உலகெங்கும் பரவியது. இங்கிலாந்தில் ஃபெலிக்ஸ் மெண்டெல்சன் என்பாரின் ஹவாயி இசைக்குழு 1947-இல் அதே மெட்டை ‘மாமுலா மூன்’ என்று பெயரிட்டு, இழுவைக் கித்தாரில் தோய்த்து, நடனக் கூடங்களுக்கு வழங்கியது. பேராக்கின் பண், ஆங்கிலேயருக்கு ஹவாயித் தென்னந்தோப்பின் தென்றலாகிவிட்டது. பத்தாண்டு கழித்து, 1957-இல், அம்மெட்டே ‘நெகாராகூ’ என நாட்டுப்பண் ஆயிற்று. அதே ஆண்டில்தான் மார்ட்டின் டென்னி, பறவைக் கூவலும் தீவுக் கனவும் கலந்த ‘எக்ஸோட்டிகா’ தட்டை வெளியிட்டு லவுஞ்ச் இசைக்கு வழி திறந்தார். மாமுலா மூன் ஒலிப்பதிவு இன்றும் கிடைக்கிறது. நாட்டுப்பண்ணுக்கு எழுந்து நின்று பழகியவர், அதைக் கேட்கையில் நிற்பதா, சாய்வதா என்று ஒரு கணம் திகைப்பர்.