இரும்புக்கையும் பொற்கையும்

இளமையிற் பயின்ற நூலை நடுவயதில் மீண்டும் பயில்வார் இருவகைப் பயன் பெறுவர். நூலின் இயல்பு தெளிவாதல் ஒன்று; அதனை அன்று பயின்ற தம் உள்ளத்தின் இயல்பு தெளிவாதல் மற்றொன்று. காப்பியத்திற்கும் அறநூலுக்கும் பொருந்தும் இவ்வுண்மை சிறுவர் படக்கதைக்கும் பொருந்துமோ எனின், பொருந்தும் என்பதே எம் கருத்து. ‘இரும்புக்கை மாயாவி’ என்னும் படக்கதையைக் கொண்டு அதனை ஈண்டு ஆராய்வோம்.

இக்கதை தமிழில் தோன்றியதன்று. 1962ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் வெளிவரத் தொடங்கிய ‘வேலியண்ட்’ என்னும் ஆங்கிலச் சிறுவர் வார இதழில், ‘தி ஸ்டீல் கிளா’ என்னும் பெயரால் இது தொடராக வந்தது. தொடக்கக் கதைகளை எழுதியவர் கென் புல்மர். பின்னர் எழுதியவர் டாம் டல்லி. ஓவியம் தீட்டியவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெஸுஸ் பிளாஸ்கோ. சிவகாசியில் சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸ், 1972இல் தன் முதல் வெளியீடாக இதனையே தமிழில் தந்தது. பின்னர் மறுபதிப்புகளும் வந்தன.

கதையின் கரு எளியது. லூயிஸ் கிராண்டேல் என்பான் ஆய்வுக்கூட உதவியாளன். வலக்கையை இழந்து எஃகுக்கை பொருத்தப்பெற்றவன். ஆய்வுக்கூடத்தில் நேர்ந்த விபத்தில் மின்சாரம் அவன்மீது பாய்கிறது. அவன் உடல் கண்ணுக்குப் புலனாகாமல் மறைகிறது. எஃகுக்கை மட்டும் மறையாது நிற்கிறது. மறைவு சிறிது பொழுதே நீடிக்கும். மீண்டும் மறைய மீண்டும் மின்சாரம் வேண்டும்.

1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் திருவண்ணாமலையில் பள்ளிச் சிறுவராய் இருந்த யாம், பலர் கைமாறி அட்டை கிழிந்துபோன படிகளில் இக்கதைகளைப் பயின்றோம். எம் நினைவில் நின்ற மாயாவி நல்லவன்; நிழற்படை என்னும் மறைபணி அமைப்பின் வீரன்; தீயோரைத் தேடி அழிப்பவன். அண்மையில் தொடக்கக் கதையை மீண்டும் பயின்றபோது அந்நினைவு பிழைபட்டது. தொடக்கத்தில் கிராண்டேல் வீரன் அல்லன். பிறர் கண்ணுக்குப் புலனாகோம் என அறிந்தவுடன் அவன் செய்வது களவு. அடுத்துச் செய்வது அச்சுறுத்தல். நல்லோர் பக்கம் அவன் சேர்ந்தது பின்வந்த கதைகளிலேயாம். பின்னை நன்மையை முன்னைத் தீமையின்மேல் ஏற்றிப் போர்த்தியது எம் இளமையுள்ளமே. கதையில் இருந்த குற்றத்தை யாம் படித்திலேம் அல்லேம், படித்தும் பொருட்படுத்திலேம். மறையும் ஆற்றல் ஒன்றே எம் கண்ணை நிறைத்தது. ஆசிரியர் வினாத் தொடுக்குங்கால் மறைந்துவிட விரும்பாத மாணவர் எவர்?

மறைந்தவன் தீயவன் ஆவான் என்னும் கருத்து மேலைநாட்டில் புதியதன்று. எச். ஜி. வெல்ஸ் 1897இல் வெளியிட்ட ‘புலனாகா மனிதன்’ பற்றிய புதினம் இதனையே பேசுகிறது. ஆயின் வெல்ஸின் மாந்தன் உடை களைந்தால் முற்றும் மறைவான். கிராண்டேல் அவ்வாறு மறையான். அவன் கை தெரியும். இவ்வேறுபாடே இக்கதையின் உயிர்நிலை என்பது எம் துணிபு.

இதனை விளக்கத் தலைப்பினை நோக்குதல் வேண்டும். ஆங்கிலத் தலைப்பை நேரே பெயர்த்தால் ‘எஃகு உகிர்’ என்றாகும். உகிர் விலங்கிற்கும் பறவைக்கும் உரிய கொல்கருவி. தமிழாக்கியோர் உகிரை விடுத்துக் கையைக் கொண்டனர். அதனோடு நில்லாது ‘மாயாவி’ என மாந்தனையும் பெயரிட்டனர். மாயாவி என்பது இராமகாதையில் வாலியோடு பொருத அசுரன் பெயர். கம்பர் கிட்கிந்தா காண்டத்தில் அவ்வரலாறு உண்டு. அசுரன் பெயர் வீரன் பெயராயிற்று. தீமையிற் தொடங்கி நன்மையிற் சேர்ந்தவனுக்கு இப்பெயர் ஒத்ததே. கையோ, செய்தொழிலுக்கு உரிய உறுப்பு. தொல்காப்பியச் செய்யுளியலில் வரும் ‘கைகோள்’ என்னுஞ் சொல்லில் கை என்பது ஒழுக்கத்தையே உணர்த்தும். ஆகவே, ஆள் மறையினும் அவன் ஒழுக்கம் மறையாது என்னும் பொருள் தமிழ்த்தலைப்பில் தானே வந்து அமைகிறது. பெயர்த்தோர் இதனைக் கருதிச் செய்தனர் என யாம் கூறவில்லை. சொல்லின் மரபு அதனைத் தந்தது என்க.

இக்கையை நோக்குவார்க்குப் பொற்கைப் பாண்டியன் நினைவிற்கு வருதல் இயல்பு. சிலப்பதிகாரக் கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு உரைக்கும் பாண்டியர் நீதியுள் இவ்வரலாறும் ஒன்று. இரவில் நகர்காவல் மேற்கொண்ட மன்னன், கணவன் பிரிந்துசென்ற மனையொன்றில் ஆண்குரல் கேட்டுக் கதவைத் தட்டினான். உள்ளிருந்தவன் மீண்டுவந்த கணவனே என உணர்ந்ததும், அவன் மனைவிமேல் ஐயம் எழாதிருக்கத் தெருவில் உள்ள எல்லாக் கதவுகளையும் தட்டிச் சென்றான் என்பர். தட்டியவன் யாரென எவரும் அறியார். அறியாமலே விட்டிருக்கலாம். விட்டிலன், தட்டிய கையைத் தானே குறைத்துப் பொற்கை பொருத்திக்கொண்டான்.

இரண்டையும் ஒப்பிடுக. கிராண்டேல் கையை இழந்தது விபத்தால். பாண்டியன் இழந்தது அறத்தால். கிராண்டேல் தன்னை மறைக்க முயல்கிறான். கை அவனைக் காட்டிக்கொடுக்கிறது. பாண்டியனோ இருள் மறைத்த கையைத் தானே உலகறியக் காட்டினான். இரும்புக்கை மறைவின் எல்லை. பொற்கை மறைவைத் துறந்ததன் அடையாளம். அடிமுடி தேடிய அண்ணாமலை வரலாறு கேட்டு வளர்ந்தார்க்கும் இது புதிதன்று. எவரும் காணா உயரத்தில் நான்முகன் சொன்ன பொய்யும் தாழம்பூவின் பொய்ச்சான்றும் வெளிப்பட்டே தீர்ந்தன.

கதையின் குறைகளையும் கூறுதல் திறனாய்வின் கடன். வாரந்தோறும் சில பக்கங்களாய் வந்த தொடர் தமிழில் ஒரே நூலாகத் தொகுக்கப்பட்டமையின், சில பக்கங்கட்கு ஒருமுறை இடர் தோன்றி நீங்குதல் சலிப்புத் தருகிறது. பின்வந்த கதைகளில் கையினுள் துப்பாக்கி முதலிய கருவிகள் பொருத்தப்படுகின்றன. அப்போது கை சான்றாக நிற்பதை விடுத்துக் கருவிப்பெட்டி ஆகிறது. கதையின் அறக்கனமும் குறைகிறது. மின்சாரத்தைத் தீண்டி ஆற்றல் பெறுதல் என்னும் கற்பனையோ, அன்று எமக்கு வியப்பையும் இன்று பெற்றோர் நிலையில் அச்சத்தையும் தருகிறது. பிளாஸ்கோவின் ஓவியம் ஒன்றே எங்கும் தளராதது. ஆளில்லா வெளியில் ஒரு கையை மட்டும் வரைந்து, வரையாத உடலை நம் மனத்தில் நிறுத்துதல் எளிய திறமன்று.

சிறுவர்க்கென ஆக்கப்பெற்ற அயல்மொழிக் கதையைத் தமிழ்த்துறை ஆராய்தல் தகுமோ என வினவுவார் உளர். ஒரு தலைமுறை எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகிய நூல்களுள் ஒன்று, அத்தலைமுறையின் சொல்லையும் விழைவையும் உருவாக்கியிருத்தல் கூடும். மட்கும் தாளில் அச்சான அப்படிகள் அழியுமுன் நூலகங்கள் அவற்றைத் தொகுத்தல் வேண்டும். ஆய்வு மாணவர் அவற்றின் மொழிபெயர்ப்பு நெறியை ஆங்கில மூலத்தோடு ஒப்பிடல் வேண்டும். பழைய அன்பு அவ்வாய்வுக்குத் தூண்டுகோல் ஆகலாம். தீர்ப்பு ஆதல் கூடாது. எம் நினைவு மாயாவியின் குற்றத்தை மறைத்தது போல, அன்பும் மறைக்க வல்லது. சிறுவராய் இருந்தபோது மறைந்த உடலை விழைந்தோம். இன்று மறையாத கையையே காண்கின்றோம். கதை மாறவில்லை, காணும் கண் மாறிற்று.